அப்பத்தா வேகத்துல ஒரு கண்மாய் நடை

லீவு விட்டா போதும், எங்க தெருவுல பாதிப் பேரு கொடைக்கானல், மூணாறுன்னு கெளம்பிடுவாக. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஆனா இப்ப வீட்டுல முட்டி வலியோட அத்தை, அதான் என் வீட்டுக்காரரோட அம்மா, இருக்காக, அஞ்சு வயசுல பையன், மலை ரோட்டுல ரெண்டு வளைவு தாண்டுனாலே வாந்தி எடுக்குற ஒம்பது வயசுப் பொண்ணு, இத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு மரமும் தண்ணியுமா ஒரு எடத்துல நிம்மதியா நடக்கணும்னா எங்க போறதுன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கோம். காரைக்குடியில இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போயி சேந்துரலாம், அங்கதான் இருந்துச்சு அந்த எடம். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்.

நம்ம சிவகங்கை மாவட்டத்து திருப்பத்தூர் தாண்டி மதுரை ரோட்டுல போனா கொள்ளுக்குடிப்பட்டி வரும். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடின்னு மூணு கண்மாய், அதான் பாசன ஏரி, சேந்ததுதான் சரணாலயம், மொத்தமே 38.4 ஹெக்டேர், நம்ம கணக்குல 95 ஏக்கருக்குள்ள. 1977ல அறிவிச்சாக. சின்ன எடம்தான், ஆனா நாட்டுக்கருவேல மரம் தண்ணிக்குள்ளயே காடு மாதிரி நிக்கும், அந்த மரம் பூராவும் பறவை. கிளை தெரியாது, வெள்ளையும் சாம்பலுமா அடைஞ்சு கெடக்கும்.

மொத தடவை போனது சித்திரை வெயில்ல. பிள்ளைகளுக்கு முழுப்பரீச்சை லீவுன்னு கெளம்பிப் போயிட்டோம், அங்க போனா கண்மாய் வெடிச்சுப் பாளம் பாளமா கெடக்கு, ஒரு கொக்கு இல்ல. பொண்ணு முகம் வாடிப் போச்சு. வானம் பாத்த கண்மாய் அதெல்லாம், ஐப்பசி கார்த்திகை மழை நல்லா பெஞ்சு தண்ணி நிக்கிற உள்வாய் நெறைஞ்சாத்தான் பறவை வந்து கூடு கட்டும். அதனால நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க. மழை ஏமாத்துன வருஷம்னா அந்தப் பக்கத்து ஆளு யார்கிட்டயாவது தண்ணி இருக்கான்னு கேட்டுட்டு கெளம்புறது நல்லது.

ரெண்டாவது தடவை பொங்கல் லீவுல போனோம். விடியக்காலை எந்திரிச்சு, தூக்குல இட்லியும் பச்சை மிளகாய்ச் சட்னியும், டப்பாவுல சீடையும் மாவுருண்டையும் எடுத்துக்கிட்டு ஏழு மணிக்கெல்லாம் கரையில நின்னோம். பனி இன்னும் வெலகல. கார்ல இருந்து எறங்குறப்பவே சத்தம் கேக்குது, கட்டையும் கட்டையும் தட்டுற மாதிரி டக்கடக்கன்னு, அதுக்கு நடுவுல குஞ்சுக கத்துற சத்தம். நாரை அலகை அலகோட தட்டிக்கிற சத்தம்தான் அதுன்னு அங்க இருந்த வாட்ச்சர் அண்ணன் சொன்னாக. மீன் வாடையும் எச்ச வாடையும் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், பத்து நிமிஷத்துல மூக்குக்குப் பழகிரும்.

கண்மாய்க் கரையில நடக்குறதுல என்ன வசதின்னா ஏத்தமே கெடையாது. கரைக்கு மேல ஏறுறதுதான் ஒரு ஏத்தம், அதுக்கப்புறம் சமதரை. ஒரு கை பக்கம் தண்ணி, இன்னொரு கை பக்கம் பச்சப்பசேல்னு நெல்லு. முட்டி வலிக்காரவுகளுக்கு இத விட சுகமான பாதை எனக்குத் தெரிஞ்சு இல்ல. நாங்க அத்தை வேகத்துக்குத்தான் நடந்தோம், நூறு அடி நடப்பாக, மர நெழல்ல உக்காருவாக, மறுபடி எந்திரிப்பாக. மொதல்ல எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பொறுமையின்மை இருந்துச்சு, உண்மையச் சொல்றேன். ஆனா உக்காந்து உக்காந்து போனதுனாலதான் அன்னைக்குப் பாத்ததெல்லாம் பாத்தோம்.

மூணாவது தடவை உக்காந்தப்ப கரைக்குக் கீழ சேத்துல ஒரு நத்தைகுத்தி நாரை. இருபது அடி தூரம்தான் இருக்கும். மெதுவா ஒரு காலை எடுத்து வச்சு, தலைய தண்ணிக்குள்ள விட்டு, ஒரு நத்தைய எடுத்து சேத்துல வச்சு அமுக்குச்சு. அலகோட நுனிய ஓட்டுக்குள்ள விட்டு ஒரு ஆட்டு ஆட்டுச்சு பாருங்க, நத்தையோட சதை முழுசா வெளிய வந்துருச்சு, ஓடு அப்படியே கெடக்கு. என் பையன் மூச்சுக் கூட விடல. அந்த நாரை அலக மூடுனாலும் நடுவுல ஒரு சந்து தெரியும், அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியிற அளவுக்கு. குஞ்சா இருக்குறப்ப அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் விழும். பொண்ணு பைனாகுலர எடுத்து கூட்டுல இருக்குற குஞ்சு ஒவ்வொண்ணா பாத்துட்டு, "ஆமாம்மா, இதுக்கெல்லாம் வாய் ஒழுங்கா மூடுது"ன்னு சொன்னா.

அத தவிர மஞ்சமூக்கு நாரை, சாம்பல் நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கான்னு கண்ணுக்குத் தட்டுப்பட்டது ஏராளம். நீர்க்காகம் ரெக்கைய ரெண்டு பக்கமும் விரிச்சுக்கிட்டு பட்ட மரத்துல உக்காந்திருக்கும், அதோட ரெக்கை மத்த பறவைக மாதிரி தண்ணி ஒட்டாம இருக்காது, நனைஞ்சிரும், அதான் முங்கி மீன் புடிச்சுட்டு வந்து வெயில்ல காயப்போடுது. "அப்பத்தா சேலை காயப்போடுற மாதிரி"ன்னான் பையன்.

இங்க நான் முக்கியமா சொல்ல நெனச்சது அந்த ஊர்க்காரவுகளப் பத்தி. கொள்ளுக்குடிப்பட்டியில தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்ல. கல்யாணம், கோயில் விசேஷம்னாலும் வெடி கெடையாது. பறவை பயந்துரும், முட்டையும் குஞ்சுமா இருக்குறப்ப விட்டுட்டுப் போயிரும்னு. யாரும் வந்து சட்டம் போட்டுச் செய்யல, அவுகளா வருஷக்கணக்கா இருந்துட்டு வர்றாக. பறவையோட எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு ஒரம்னும் சொல்லுவாக. கரையில ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவர்கிட்ட என் பொண்ணு, "உங்க வீட்டுப் பிள்ளைக அழுவாதா தாத்தா?"ன்னு கேட்டா. "எதுக்குத்தா அழுவணும், அதுக பொறந்ததுல இருந்தே இப்படித்தானே"ன்னாக. அவ்வளவு சாதாரணமா சொன்னாக, எனக்கு என்னமோ செஞ்சிருச்சு. அப்படிப்பட்ட ஊருக்குள்ள நாம போயி ஸ்பீக்கர்ல பாட்டுப் போடுறதும், குஞ்சு பறக்குதான்னு பாக்க கல்ல விட்டெறியிறதும் எப்படிங்க மனசு வருது? அன்னைக்கும் ஒரு கூட்டம் வந்து கைதட்டிக் கைதட்டி வெரட்டுச்சு, போட்டோவுக்காம். தயவுசெஞ்சு யாரும் அதச் செய்யாதீக. குஞ்சு கூட்டுல இருந்து விழுந்தா கீழ தண்ணி, அவ்வளவுதான் அதோட கதை.

திரும்பி வர்றப்ப மடைகிட்ட அத்தை நின்னுட்டாக. தண்ணிக்குள்ள ரெண்டு கல்தூணு நிக்கும் பாத்திருப்பீக, அதான் மடை, கண்மாய்ல இருந்து வயலுக்குத் தண்ணி தெறந்து விடுற வழி. அத்தை பொறந்த ஊரும் கண்மாய்ப் பாசனம்தான், அவுக அப்பா நீர்ப்பாய்ச்சியா இருந்தவுக, யாரு வயலுக்கு எத்தனை நேரம் தண்ணின்னு பாத்து விடுற வேலை. "எங்கய்யா மூச்ச அடக்கி முங்கித்தான் மடைக் கட்டையப் புடுங்குவாக, நான் கரையில துண்டோட நிப்பேன், அவுக தலை மேல வர்ற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருப்பேன்"னாக. கல்யாணமாகி பன்னண்டு வருஷத்துல இந்தக் கதைய நான் கேட்டதே இல்ல. என் வீட்டுக்காரருக்கே புதுசு. அப்புறம் நெறைஞ்ச தண்ணி வெளியேறுற கலுங்கு எது, தண்ணி வந்து சேர்ற வரத்துக்கால் எந்தப் பக்கம், மிஞ்சுன தண்ணி மறுகால் பாஞ்சா எந்தக் கண்மாய்க்குப் போகும்னு பேரன் பேத்திக்கு வெரல நீட்டி நீட்டிக் காட்டுனாக. முட்டி வலிய அன்னைக்கு ஒரு தடவை கூட சொல்லல.

போறவுகளுக்கு சில விஷயம். பிள்ளைகளுக்கு ஷூ போட்டு விடுங்க, கருவேல முள்ளு செருப்பத் தொளைச்சுக்கிட்டு ஏறும், எம் பையனுக்கு ஏறுச்சு. அத்தை சுருக்குப்பையில முள்வாங்கி வச்சிருந்தாக, நல்லதாப் போச்சு. மழை பேஞ்ச மறுநாள் போனா கரை வழுக்கும், மடைகிட்டயும் கலுங்குகிட்டயும் ஆழமும் இழுப்பும் இருக்கும், பிள்ளை கைய விடாதீக. கரைச் சரிவுல புல்லுக்குள்ள எறங்க விடாதீக, பாம்பு இருக்கும், பொழுது சாயிறதுக்குள்ள கெளம்பிருங்க. கண்ணப் பறிக்கிற கலர்ல சட்டை வேணாம். பாத்ரூம் வேலையெல்லாம் திருப்பத்தூர்லயே முடிச்சுக்கங்க. கண்காணிப்புக் கோபுரம் ஒண்ணு இருக்கு, ஏற முடியாதவுக கரையில இருந்து பாத்தாலே போதும். குழந்தைய வச்சுத் தள்ளுற வண்டியெல்லாம் கரையில ஓடாது, பிள்ளைய இடுப்புலதான் தூக்கணும்.

பக்கத்துல இன்னொரு நடை வேணும்னா திருக்கோஷ்டியூர் தெப்பக்குளம். மாசி மகத் தெப்பத்துக்கு கரை பூராவும் வெளக்கா எரியும், அன்னைக்கு நடக்க எடம் இருக்காது, சாதாரண நாள்ல சாயங்காலம் போங்க. அவ்வளவு தூரம் கூட வேணாம்னா நம்ம செட்டிநாட்டு ஊர் எதுலயும் ஊரணி, அதான் ஊர்ப் பொதுக்குளம், இருக்கு, கானாடுகாத்தான் பக்கம் போனா செம்புறாங்கல் படி வச்சுக் கட்டுன ஊரணிய ஒரு சுத்து சுத்தி வரலாம், கால் மணி நேரம். குடிதண்ணி ஊரணின்னா செருப்ப கழட்டிட்டு எறங்கணும், பிள்ளைகளுக்கு இத மொதல்லயே சொல்லி வச்சிருங்க.

நாங்க மாசி பொறக்குறதுக்குள்ள இன்னொரு தடவை வேட்டங்குடி போறதா இருக்கோம். பொண்ணு நோட்டுல ஒரு மரத்த வரைஞ்சு, எந்தக் கூட்டுல எத்தனை குஞ்சுன்னு குறிச்சு வச்சிருக்கா, அலகுல சந்து விழுந்திருக்கான்னு பாக்கணுமாம். அது விழ நாளாகும், அதுக்குள்ள பறந்துருமேடின்னேன். "பறக்குறதையாவது பாப்போம்மா"ங்குறா. அத்தை இப்பவே மாவுருண்டைக்கு பாசிப்பருப்பு வறுக்கச் சொல்லிட்டாக.