குலுக்கலில் வந்த அழைப்பு: நகராட்சியின் மக்கள் குழுவில் உட்கார்ந்த அனுபவம்

நகராட்சியிலிருந்து கடிதம் என்றதும் வரி பாக்கி நோட்டீஸ் என்றுதான் நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் அழைப்பு. கடைத்தெருவை எப்படி மாற்றி அமைக்கலாம் என்று யோசிக்க ஒரு மக்கள் குழு அமைக்கிறோம், உங்கள் முகவரி குலுக்கலில் வந்திருக்கிறது, கலந்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். இந்த மாதிரிக் குழுவுக்குள் என்ன நடக்கும், எங்கே இழுபறி வரும், எதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்த ஒருவர் எழுதினால் அடுத்து போகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆள் எடுத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குலுக்கல் இரண்டு சுற்று. முதல் சுற்றில் முகவரிப் பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வீடுகளுக்குக் கடிதம் போகிறது. சம்மதம் சொன்னவர்களிடம் வயது, ஆணா பெண்ணா, எந்த வார்டு, என்ன படிப்பு, என்ன வேலை என்று கேட்டு, ஊரில் எந்த விகிதத்தில் ஆட்கள் இருக்கிறார்களோ கிட்டத்தட்ட அதே விகிதம் குழுவிலும் வரும்படி இரண்டாம் சுற்றில் எடுக்கிறார்கள். வழக்கமான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு யார் வருவார்கள் என்று நமக்கே தெரியும்: வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், சங்க நிர்வாகிகள், மனு கொடுத்துப் பழகியவர்கள். அவர்கள் வருவது நல்லதுதான், அவர்கள் இல்லையென்றால் பாதிப் பிரச்சினை வெளியிலேயே வராது. ஆனால் அந்தத் தெருவில் ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்து நடந்து போகிற பெண்ணின் குரலை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. இந்தக் குழுவில் அவர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

குலுக்கலில் ஆள் எடுப்பதா, இதென்ன விளையாட்டா என்று வீட்டில் கேட்டார்கள். நமக்கு இது புதுசே இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுத்த குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன: ஊரில் 30 குடும்புகள் (இன்றைய வார்டு மாதிரி), ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இடம் கொடுத்த ஏற்பாடு அது, அப்படியே தூக்கிவைத்துக் கொண்டாட முடியாது. ஆனால் அதில் ஒரு விதி அருமையானது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் மறுபடி குடத்துக்குள் வர முடியாது.

சரி, குழுவுக்கு வருகிறேன். தொடக்கக் கூட்டங்கள் பாடம் கேட்பது மாதிரிதான் போயின. பொறியாளர் வரைபடத்தைக் காட்டினார், வியாபாரிகள் தரப்பில் ஒருவர் பேசினார், போக்குவரத்துக் காவலர் ஒருவர் பேசினார், மாற்றுத்திறனாளிகள் அமைப்பிலிருந்து ஒருவர் பேசினார். நாங்கள் கேள்வி கேட்டோம். பலருக்கு மைக்கைப் பிடித்துப் பேச வரவில்லை என்பதால், ஒருங்கிணைப்பாளர் மேஜைக்கு ஐந்தாறு பேராகப் பிரித்து உட்கார வைத்தார். அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் எல்லோரும் வாயைத் திறந்தார்கள்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் திருப்பிப்போட்டது தெருவில் நடந்து பார்த்த அந்தக் காலைதான். குழுவில் சக்கர நாற்காலியில் வரும் அம்மா ஒருவர் இருந்தார். அவரோடு கடைத்தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனோம், கையில் அளவு டேப். சக்கர நாற்காலி தடையில்லாமல் போக 90 சென்டிமீட்டராவது வேண்டும். வரைபடத்தில் நடைபாதை அகலமாகத்தான் இருந்தது. ஆனால் மின்கம்பமும் அதை ஒட்டிய இரும்புப் பெட்டியும் நிற்கிற இடத்தில் டேப்பைப் பிடித்தால் 60 கூட வரவில்லை. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பஸ் போகிற சாலையில் இறங்கினார், பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. கூட வந்த பொறியாளர் அங்கேயே நின்று நோட்டில் எழுதிக்கொண்டார். எத்தனை மனு கொடுத்தாலும் அந்த ஒரு நிமிடம் செய்த வேலையைச் செய்திருக்காது. எந்த நகராட்சியாவது என்னிடம் யோசனை கேட்டால், மண்டபத்தை விட்டு இடத்துக்குப் போங்கள், அங்கே தினமும் சிரமப்படுகிற ஆளை முன்னால் விட்டுப் பின்னால் நடங்கள் என்பேன்.

அப்புறம் கைபேசி வழியாக ஒரு கருத்துச் சேகரிப்பு. இதில் குழுவுக்கு வெளியே இருக்கிறவர்களும் சேரலாம். போல்.இஸ் என்ற கருவியின் முறையில் நடத்தினார்கள். தைவானில் 2015-இல் ஊபர் விவகாரத்தில் பொதுமக்கள் கருத்தைத் திரட்டப் பயன்பட்ட கருவி அது. யார் வேண்டுமானாலும் ஒரு வரியில் கருத்து எழுதலாம், மற்றவர்கள் அதற்கு ஒப்புக்கொள்கிறேன், இல்லை, தாண்டிப் போகிறேன் என்று மட்டும் அழுத்தலாம். பதில் எழுத இடமே கிடையாது. இந்த ஒரு கட்டுப்பாட்டால் சண்டை பிடிக்க வழியில்லாமல் போகிறது. வண்டி நிறுத்துவதில் கடைக்காரர்களும் நடந்து போகிறவர்களும் எதிரும் புதிருமாகத்தான் இருந்தார்கள். ஆனால் சரக்கு லாரிகள் விடியற்காலையில் இறக்கிவிட்டுப் போய்விட வேண்டும் என்ற வரிக்கு இரண்டு பக்கமும் ஒப்புதல் குவிந்தது. ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தால் இந்தப் பொது இடம் கண்ணில் பட்டிருக்கவே செய்யாது. கைபேசி இல்லாதவர்களுக்காகப் பேருந்து நிறுத்தத்திலும் சுகாதார மையத்திலும் பள்ளி வாசலிலும் அதே வரிகளைத் தாளில் அச்சடித்து வைத்தார்கள். அந்தத் தாள்களில் வந்த விஷயங்கள் கைபேசியில் வந்ததிலிருந்து நிறையவே வேறுபட்டிருந்தன, கழிப்பறை வேண்டும் என்பது அதில்தான் முதலிடத்தில் இருந்தது.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். உட்காரும் நாளுக்குப் படி கொடுத்தார்கள், போக்குவரத்துச் செலவு தனி, பக்கத்து அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள். பொதுக் காரியத்துக்குக் காசா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. தினக்கூலிக்குப் போகிற ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எப்படி வந்து உட்காருவார்? அந்தப் படி இல்லாவிட்டால் குலுக்கலில் வந்த பாதிப் பேர் வந்தே இருக்க மாட்டார்கள், குலுக்கலுக்கே அர்த்தம் போயிருக்கும்.

பெரிய வருத்தம் பரிந்துரைகளை எழுதுகிற கட்டத்தில் வந்தது. சந்திப்பில் சிக்னலை மாற்ற வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசி, ஓட்டெடுத்து, வரிக்கு வரி திருத்தி முடித்த பிறகு, அந்தச் சந்திப்பு நகராட்சியின் அதிகாரத்திலேயே இல்லை, வேறு துறையின் கையில் இருக்கிறது என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். எது உங்கள் கையில், எது எங்கள் கையில், எது இரண்டு பேர் கையிலும் இல்லை என்று ஒரு பக்கத் தாள் கொடுத்திருந்தால் போதும். அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இலேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கருத்துக் கேட்பது அதில் நான்காம் படிதான், அதற்கு மேலே முடிவில் பங்கு கொடுக்கிற படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் நிற்கப்போகிறோம் என்று தெரிந்தால் குறைந்தபட்சம் எதிர்பார்ப்பாவது சரியாக இருக்கும்.

பரிந்துரையை ஒப்படைத்த பிறகு நீண்ட அமைதி. ஆட்கள் பொறுமை இழந்தார்கள், இதுவும் மற்றக் கூட்டம் மாதிரிதான் என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவிலிருந்தே வெளியேறினார். கேட்டுக் கேட்டு எழுதிய பிறகு பதில் வந்தது, வந்த பதில் நன்றாகவே இருந்தது: ஒவ்வொரு பரிந்துரைக்கும் நேராக ஏற்கிறோம், பகுதியளவு ஏற்கிறோம், ஏற்கவில்லை என்று எழுதி, காரணம், பொறுப்பு அதிகாரியின் பதவி, எந்த மாதத்துக்குள் என்பது வரை போட்டிருந்தார்கள். மின்கம்பத்தை நகர்த்துவது முதல் வரிசையில். வண்டி நிறுத்தக் கட்டணம் பற்றிய எங்கள் யோசனையை மறுத்திருந்தார்கள், ஆனால் மறுத்த காரணம் படித்தால் புரிகிற மாதிரி இருந்தது. வெளியேறியவரைக்கூட அந்தத் தாளைக் காட்டித்தான் திரும்பச் சேர்த்தோம்.

இந்தப் பதிலை நல்ல மனசுக்கு விட்டுவைக்கக் கூடாது, விதியாகவே எழுதிவைக்க வேண்டும். பெல்ஜியத்தில் ஜெர்மன் மொழி பேசும் பகுதியில் 2019-இலிருந்து குலுக்கலில் எடுத்த 24 பேர் கொண்ட நிரந்தர மக்கள் மன்றம் இருக்கிறது. அது தலைப்பை முடிவு செய்கிறது, அந்தத் தலைப்பைப் பேச இன்னொரு குழுவைக் குலுக்கலில் எடுக்கிறார்கள், அந்தக் குழுவின் பரிந்துரையை ஏற்காவிட்டால் அந்தப் பகுதியின் நாடாளுமன்றம் காரணம் சொல்லியாக வேண்டும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் மக்களை வைத்து பட்ஜெட் போடத் தொடங்கியபோது, ஒவ்வொரு சுற்றையும் போன வருடம் சொன்ன வேலை என்னவாயிற்று என்ற கணக்கிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். ஏழை மக்கள் திரும்பத் திரும்ப வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் இப்போது அடுத்த குழுவுக்குக் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது, இந்த முறை குப்பை. உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் தயங்காமல் சம்மதம் எழுதுங்கள். முதல் கூட்டத்திலேயே மூன்றை எழுத்தில் கேளுங்கள்: இதில் நகராட்சியின் அதிகாரம் எதுவரை, இதற்கென்று ஒதுக்கிய பணம் எவ்வளவு, எங்களுக்குப் பதில் எந்தத் தேதிக்குள் வரும். தேதியை மட்டும் வாய்வார்த்தையாக வாங்கிக்கொள்ளாதீர்கள், கூட்டக் குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.