வெள்ளச்சியின் அக்டோபர்

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அம்மா மணியை எடுக்கவில்லை; சத்தம் என்றால் எங்கள் பூனை வெள்ளச்சிக்கு வலிப்பு வந்துவிடும். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, அவளாகவே பழைய துண்டில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தாள். கற்பூரம் மட்டும் காட்டினாள்.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் டபரா கை தவறி விழுந்தது. வெள்ளச்சி சோபாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். முதலில் முகம் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது, அப்புறம் உடம்பு முழுக்க. மேசையை நகர்த்தினேன், விளக்கை அணைத்தேன், போனில் நேரத்தைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தேன். பிடித்து அழுத்தக் கூடாது. வாய்ப் பக்கம் கையே போகக் கூடாது. நாக்கை விழுங்கிவிடும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. 5 நிமிடம் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தாண்டவில்லை.

மாடி மாமி சாவிக்கொத்தோடு இறங்கி வந்தாள். "இரும்பைக் குடுடா அதுகிட்ட." அவள் அண்ணாவுக்குச் சின்ன வயதில் வலிப்பு உண்டு, அப்படித்தான் கொடுப்பார்களாம். அவ்வளவு பதற்றத்தோடு, அவ்வளவு அன்போடு வந்தாள். ஆனால் வெள்ளச்சிக்குச் சாவிச் சத்தமே ஆகாது. வாசலிலேயே அதை வாங்கி, உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

அடங்கின பிறகு எழுந்து சுவரில் முட்டி முட்டி நடந்தாள். கொஞ்ச நேரம் கண் தெரியவில்லை. அப்புறம் ஒரே பசி.

அக்டோபர் 4, சனி

தூக்கம். அவளுக்கும் எனக்கும்.

அக்டோபர் 6, திங்கள்

வேப்பேரி கால்நடை மருத்துவமனை. கூட்டம் அதிகம். ஆனால் டாக்டர் நிதானமாகப் பார்த்தார். பின்னால் நின்று கை தட்டினார். வெள்ளச்சியின் காது அசையவே இல்லை. இன்னொரு முறை, பலமாக. இல்லை.

அப்படியானால் டபரா எப்படிக் கேட்டது?

சத்தத்தால் வலிப்பு வரும் வயதான பூனைகளைப் பற்றி 2015இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. 96 பூனைகள், சராசரி வயது 15. அவற்றில் பாதிக்குக் காது மந்தம் அல்லது அறவே கேட்காது! பூனைக் காது 60,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கக்கூடியது, நமக்கு 20,000தான். கை தட்டும் சத்தம் போய்விட்டாலும் அந்த உச்சத்தில் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கலாம் என்கிறார் டாக்டர். பிளாஸ்டிக் பை கசங்குவது, கரண்டி கிண்ணத்தில் படுவது, சில்லறை, சாவி எல்லாம் அங்கே போய்த் தைக்கின்றன. நான் கூப்பிடுவது கேட்பதில்லை. பதினான்கு வருஷமாகக் கூப்பிட்ட பெயர் கேட்பதில்லை, கரண்டி கேட்கிறது. இதை எப்படித் தாங்குவது என்று ஆட்டோவில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். எப்போதிலிருந்து கேட்கவில்லை? வாசலில் செருப்பைக் கழற்றும்போது வருவாளே, அது சத்தத்துக்கு இல்லையா, வாசனைக்கா? தரை அதிர்வதற்கா?

மருந்து மாறுகிறது. இந்த வகை வலிப்புக்கு, இதுவரை கொடுத்த ஃபீனோபார்பிடோனைவிட லெவிடிரசிடாம் நன்றாக வேலை செய்கிறதாம். பழையதை மெல்லத்தான் குறைக்க வேண்டும்; சட்டென்று நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும்.

அக்டோபர் 8, புதன்

புது சிரப். நான்கு கிலோவுக்கு 0.8 மில்லி. காலை 6, மதியம் 2, இரவு 10. கசப்பில் நுரை நுரையாகத் துப்புகிறாள். நுரையைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அக்டோபர் 9, வியாழன்

இன்று ஒன்றும் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

குக்கர் பரணுக்குப் போய்விட்டது. அம்மா பானையில் சோறு வடிக்கிறாள். வாழை இலை, மரக்கரண்டி. பிரஷர் மாத்திரையை மொட்டைமாடிக்குப் போய்ப் பிரித்துக்கொள்கிறாள், அந்த அட்டைச் சத்தம் ஆகாது என்று. எழுபது வயதில் ஒரு மாத்திரைக்காகப் படி ஏறுகிறாள். நான் பிரித்து டப்பாவில் போட்டுத் தருகிறேன் என்றால், "நீ உன் வேலையைப் பாரு." கீபோர்டு சத்தமும் ஆகாது, அதனால் என் வேலையும் மாடியில்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

அத்தை போனில்: "வயசாயிடுத்தே, ஒரு ஊசி போட்டு அனுப்பிடலாமோன்னோ?" வைத்துவிட்டேன். மத்தியானம் வெயிலில் உடம்பை நீட்டி, பாதத்தை நக்கி முகம் துடைத்துக்கொண்டிருந்தாள் வெள்ளச்சி. இதை அனுப்பவா? எங்கே?

அக்டோபர் 17, வெள்ளி

தெருவில் கேப் துப்பாக்கி ஆரம்பித்தாயிற்று. ஒவ்வொரு வெடிக்கும் தோளில் ஒரு சின்ன வெட்டு. விழவில்லை. இதைத்தான் மருந்து வேலை செய்கிறது என்பதா?

எதிர்வீட்டுப் பையனிடம் பேசினேன். "அண்ணா, கம்பி மத்தாப்பு கொளுத்தலாமா?" தாராளமாகக் கொளுத்து என்றேன். கையில் இருந்த கேப் சுருளை என்னிடமே கொடுத்துவிட்டான்.

அக்டோபர் 18, சனி

நடு அறைக்கு ஜன்னல் இல்லை. கதவில் மெத்தையைச் சாத்தியாயிற்று. தூக்கத்துக்கு அம்மா போடும் டயஸிபாம் மாத்திரையில் கால்வாசி கொடுக்கலாமே என்று ஒருவர் சொன்னார். கூடவே கூடாது. வாய்வழி டயஸிபாம் சில பூனைகளின் ஈரலையே அழித்துவிடும். அட்டையை எடுத்து என் பையில் பூட்டிவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

2 மணி மருந்தை வாந்தி எடுத்துவிட்டாள். திரும்பக் கொடுப்பதா, விடுவதா? டாக்டர் போனை எடுக்கவில்லை. எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார்: விடுங்கள், 10 மணிக்குப் பார்க்கலாம்.

அக்டோபர் 20, தீபாவளி

காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அரசு சொன்ன நேரம். நாலரைக்கே முதல் சரம்.

மதியம்: சாப்பிட்டாள். அம்மா லேகியத்தை எனக்கு நடு அறைக்கே கொண்டுவந்து ஊட்டினாள்.

7.20: வந்துவிட்டது. பெரியது. 2 நிமிடம்.

7.50: மூச்சு சீராக இருக்கிறது. கண்ணின் கருமை இன்னும் சுருங்கவில்லை.

9.40: ஒன்பது மணியைத் தாண்டியும் வெடிக்கிறார்கள். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லையா, கிழவர்கள் இல்லையா, நாய் பூனை இல்லையா? ஒரு நாளில் இரண்டாவது வந்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஆட்டோக்காரரிடம் சொல்லி வைத்தேன். 10 மணி மருந்து சிரிஞ்சில் தயார்.

அக்டோபர் 21, செவ்வாய்

இரண்டாவது வரவில்லை.

அக்டோபர் 22, புதன்

கடையில் சிரப் இல்லை. சாயங்காலம் வருமாம், நிச்சயமில்லையாம். கையில் இருப்பது 2 மணிக்கு மட்டும். வடபழனியில் ஒரு கடை சொன்னார்கள். அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கிளம்புகிறேன்.