இரண்டு படகு, ஒரு முழங்கால்

மூன்று வாரமாக இரண்டு படகுகளுக்கு நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தேன். ஒன்று 14 அடி அலுமினியப் படகு, அடிப்பாகம் பலகை மாதிரி தட்டை. மற்றது 16 அடி ஃபைபர் படகு. அதன் அடி ‘வி’ வடிவம். பின்பக்கம் வரைக்கும் சரிவு 20 டிகிரிக்குக் குறையவில்லை. மனசு முதலிலிருந்தே இதன் மேல்தான். பார்க்கவே ஒரு கம்பீரம்.

ஒரே நாளில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். காற்று கிளம்பியிருந்தது. தட்டைப் படகு அலைக்கு அலை டமார் டமார் என்று அறைந்தது. அவ்வளவு அகலமான அடி மொத்தமாகத் தண்ணீரில் விழுந்தால் வேறென்ன ஆகும்? வி படகில் அதே அலைகள் வந்து போனதே தெரியவில்லை. அப்பா கூட வராமல் இருந்திருந்தால் அங்கேயே முன்பணம் கொடுத்திருப்பேன்.

எஞ்சினை நிறுத்தியதும் கதை மாறியது. தூண்டில் வீச அப்பா எழுந்து ஓரமாக நகர்ந்தார். வி படகு அவரோடு சேர்ந்து சாய்ந்தது. கவிழாது. கொஞ்சம் சாய்ந்ததும் பக்கச் சரிவு தண்ணீரில் பதிந்து தாங்கிக்கொள்ளும். ஆனால் அதை அவருடைய முழங்காலுக்கு யார் சொல்வது? “என்னடா இது, தொட்டில் மாதிரி ஆடுது” என்று உட்கார்ந்துவிட்டார். தட்டைப் படகில் நடுக்கூடத்தில் நிற்பது போல நின்றார்.

அன்று இரவு கணக்குப் போட்டேன். ஐந்து மணி நேரம் தண்ணீரில் இருந்தால் நாங்கள் ஓடுவது முக்கால் மணி நேரம்தான். மிச்சமெல்லாம் நங்கூரம் போட்டு மீனுக்குக் காத்திருப்பது. முக்கால் மணி நேரச் சொகுசுக்காக நாலேகால் மணி நேரம் ஆடுவதா?

எஞ்சின் கணக்கும் சேர்ந்துகொண்டது. தட்டைப் படகு எங்கள் இரண்டு பேரோடு 15 குதிரைத்திறனிலேயே தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடியது. வி படகில் 40 மாட்டியிருந்தார்கள். கூரான அடி தண்ணீரைப் பிளந்து எழும்பக் கூடுதல் சக்தி கேட்கும், பெட்ரோலும்தான். ஆழம் குறைந்த இடத்துக்குத் தட்டைதான் நல்லது என்பார்கள். உண்மைதான், ஆனால் அடி எப்படி இருந்தாலும் எஞ்சினின் விசிறி கீழே தொங்கத்தானே செய்கிறது! அதைத் தூக்கிவிட்டுத் துடுப்புப் போட்டால்தான் அந்தப் பலன் கிடைக்கும்.

சரி, தட்டைப் படகையே வாங்கிவிட்டேன். அலை எழுந்தால் வேகத்தைக் குறைத்து, எடையை ஒரு பக்கம் கொஞ்சம் தள்ளிவிடுகிறேன்; லேசாகச் சாயும்போது அடியின் விளிம்பே முனையாகி அலையை வெட்டுகிறது, அறைவது பாதியாகக் குறைகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் கறார்: படகில் பதித்திருக்கும் தகட்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடைக்கு மேல் ஒரு பை கூட ஏற்றுவதில்லை. தட்டை அடி கடைசி வரை அசையாமல் நிற்கும், எல்லை தாண்டினால் ஒரேயடியாகப் புரண்டுவிடும்.

குலுக்கல் அதிகம் முன்பக்கத்தில்தான். அங்கே போட ஒரு தடிமனான மெத்தை வாங்கினேன். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.