ஒரு சாண்

ஜூலை 3
தம்பி இன்றும் வலது காலை மடக்கியே படுத்திருக்கிறான். முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு சாண். நீட்டச் சொன்னால் முகம் கோணிப்போகிறது. வயிறு வலிக்கவே இல்லை என்கிறான்.

ஜூலை 5
கரண்ட் இல்லை. ஜுரம் 100.2.

ஜூலை 7
முன்பு காட்டிய இடத்தில் முதுகெலும்புக் காசநோய் என்றார்கள். இவனுக்குக் குரோன்ஸ், அந்தக் குடல் புண் நோய், இருக்கிறது என்று சொன்னேன், காதில் வாங்கவில்லை. பர்மாவில் காசநோய் பார்க்காத தெரு ஏது, நாங்களும் நம்பிவிட்டோம். இன்று வேறு இடம். சயாமா (இங்கே பெண் டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காலைப் பின்னால் இழுத்தார். அலறிவிட்டான். உடனே சிடி ஸ்கேன்.

ஜூலை 8
சோவாஸ் தசைக்குள் சீழ். சயாமா படம் போட்டுக் காட்டினார். முதுகெலும்பு ஓரமாகத் தொடங்கி, இடுப்புக்குள் இறங்கி, தொடை எலும்பில் போய்ச் சேரும் தசை. தொடையை மடக்குவது அதுதான். சிறுகுடலின் கடைசிப் பகுதி வலது பக்கம் அதன்மேல் கிடக்கிறது. குரோன்ஸ் புண் குடல் சுவரை முழு ஆழத்துக்கும் அரிக்கும். அப்படி அரித்துத் தசைக்குள் வழி திறந்துவிட்டது. குரோன்ஸ் உள்ளவர்களுக்கே இது அபூர்வமாம். ஸ்டீராய்டு சாப்பிட்டால் ஜுரம் அமுங்கியே இருக்கும் என்றார். மூன்று மாதமாக ப்ரெட்னிசலோன் ஸ்டீராய்டை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தது நான்தான். நான்தான்.

ஜூலை 9
ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குழாய் வைத்தார்கள். 180 மில்லி. அந்த நாற்றம் என் புடவையில் இன்னும் இருக்கிறது.

ஜூலை 11
60.

ஜூலை 14
காலையில் பையில் 5 தான். அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன், சந்தோஷத்தில். அப்புறம் நர்ஸ் வந்து, குழாய் அடைத்திருக்கிறது என்று சலைன் விட்டார். 50 வந்தது. இனி குறைந்தாலும் பயம்தான்.

ஜூலை 16
பையில் பழுப்பு நிறம். குடலிலிருந்து வழி இன்னும் அடையவில்லையாம். சீழ் வற்றிய பிறகு அந்தக் குடல் துண்டை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். சீழ் இருக்கும்வரை குரோன்ஸுக்கான பயாலஜிக் ஊசியும் கிடையாது. வெட்டுவதைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 18
ஆடி முதல் வெள்ளி. அம்மா காளி கோயிலிலிருந்து நேராக வந்தார், குங்குமம் மழையில் கரைந்திருந்தது. தம்பி, "அக்கா, அளந்து பாரு" என்றான். நாலு விரல்தான். நாலே விரல்! அம்மா பார்க்காதபடி வராந்தாவுக்குப் போய் நின்றேன்.

ஜூலை 19
30. மூன்று விரல். அறுவைக்குத் தேதி கேட்டேன். முதலில் உடம்பு தேறட்டும், எடை 41 தான் இருக்கிறது என்றார் சயாமா.

ஜூலை 20
25. இரவு மறுபடி ஜுரம். காலை மடக்கிக்கொண்டான்.