பதிவு எண் எங்கே என்று கேட்கத் தெரிந்துகொண்டேன்: மகனைத் தொழிற்பழகுநராகச் சேர்த்த அனுபவம்

2022 ஜூனில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்தபோது, இனிப் பள்ளிக்குப் போகப்போவதில்லை, கோவையிலேயே ஏதாவது ஒரு பட்டறையில் தொழில் கற்றுக்கொள்கிறேன் என்று என் மகன் உறுதியாகச் சொல்லிவிட்டான். அவனுக்கு அப்போது 16 வயது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் தெருவுக்குத் தெரு லேத் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இரும்பின் மேல் ஆசை வருவது இயல்புதான் என்று என் மனைவி சொன்னாள். ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுபவனாகிய எனக்குத்தான் அது தோல்வியாகத் தெரிந்தது.

உறவினர் ஒருவர் மூலம் முதலில் சேர்த்த இடம் பம்புசெட் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்கூடம். "ட்ரெயினி" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. மூன்று வாரங்கள் கழித்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். வார்ப்புத் துண்டுகளின் பிசிறைத் தேய்த்து எடுத்துப் பெட்டியில் அடுக்குவதைத் தவிர வேறு எந்த வேலையும் தரவில்லை என்றும், எத்தனை துண்டுகள் முடிகிறதோ அத்தனைக்குத்தான் காசு என்றும், சில நாட்கள் இரவு ஒன்பது மணி வரை நிறுத்திக்கொள்கிறார்கள் என்றும் சொன்னான். மறுநாள் அவனை அனுப்பவில்லை.

அலுவலகத்தில் ஒரு நண்பர் சொல்லித்தான், அரசு தொழிற்பயிற்சி நிலைய வளாகத்தில் இயங்கும் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, தொழிற்பழகுநர் (அப்ரென்டிஸ்) ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா, அதன் எண் என்ன என்று மட்டும் கேட்டார். அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், 14 வயது நிறைந்தவர்களைத் தொழிற்பழகுநராகச் சேர்க்க அனுமதிக்கிறது. ஆபத்தானவை என வகைப்படுத்தப்பட்ட தொழில்களுக்கு மட்டும் 18 வயது வேண்டும். ஐ.டி.ஐ. படிக்காமல் பள்ளியிலிருந்து நேரடியாக வருபவர்களைப் "ஃப்ரெஷர்" என்று தனியாகக் குறிப்பிடுகிறார்கள். 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள், தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பதையும் அந்த அலுவலர் சொன்னார். நான் யாரிடமோ கையேந்திக் கேட்கப் போவதாக எண்ணியிருந்தேன். நிறுவனத்துக்கும் இதில் கடமை இருக்கிறது என்று தெரிந்தபோது முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

தேசியத் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவு செய்வதுதான் முதற்படி. அங்கேயே தடுக்கி விழுந்தோம். மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால். ஆதாரில் என் முழுப்பெயர் அவன் பெயருக்குப் பின்னால். இரண்டும் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பத் திரும்ப நின்றது. ஆதாரைத் திருத்தி, வங்கிக் கணக்கோடு இணைத்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே பெற்றோர் இந்த ஒரு வேலையை முடித்துவிட்டால் பெரிய அலைச்சல் மிச்சமாகும்.

அடுத்து நடந்த தொழிற்பழகுநர் சேர்க்கை முகாமில், இயந்திர பாகங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனம் அவனை ஃபிட்டர் (பாகங்களை அளந்து, தேய்த்துப் பொருத்துபவர்) பிரிவுக்குத் தேர்ந்தெடுத்தது. மருத்துவத் தகுதிச் சான்று கேட்டார்கள், கொடுத்தோம். பிறகு ஒப்பந்தம் வந்தது. அவன் 18 வயது நிறையாதவன் என்பதால் பாதுகாவலர் என்ற முறையில் நானும் கையெழுத்திட வேண்டியிருந்தது. அதை வீட்டுக்கு எடுத்து வந்து, சட்டத்தின் பிரிவுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு இரவுகள் வரி வரியாகப் படித்தேன்.

பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டுகள். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாத உதவித்தொகை அப்போது குறைந்தது 6,000 ரூபாய். இரண்டாம் ஆண்டில் பத்து விழுக்காடு கூடும். துண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுக்கக் கூடாது. தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அலுவலரின் ஒப்புதல் இல்லாமல் கூடுதல் நேரம் வேலை வாங்கக் கூடாது. பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துடையது. தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்லர் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. முதல் இடத்தில் என் மகனுக்கு நடந்தவற்றுள் பெரும்பாலானவை இங்கே பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருந்தன. ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் ஒப்பந்தம் பதிவான பிள்ளைக்குத்தான். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்பதையும் படித்தேன். அதையும் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

முதற்கட்டம் அடிப்படைப் பயிற்சி. இயந்திரத்தின் பக்கமே விடவில்லை. ஒரு மைல்டு ஸ்டீல் துண்டை வைஸ் என்ற பிடிகருவியில் பிடித்துக் கையால் அரம் போட வேண்டும், அவ்வளவுதான். பக்கங்கள் நேராக வந்திருக்கின்றனவா என்று ட்ரை ஸ்கொயர் என்ற செங்கோண அளவுகோலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார் பயிற்றுநர். இடையில் மெல்லிய கோடாக ஒளி கசிந்தால், "தம்பி, இன்னும் போடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாராம். உள்ளங்கையெல்லாம் கொப்புளத்தோடு வந்தவனைப் பார்த்து, மறுபடியும் ஏமாந்துவிட்டோமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. ஒன்றில் வெட்டிய வடிவம் மற்றொன்றில் வெட்டிய பள்ளத்தில் ஆட்டம் இல்லாமல் போய் உட்காரும்படி செய்த இரண்டு துண்டுகளைப் பற்றி ஒரு நாள் அவன் கையை அசைத்து அசைத்து விளக்கிய பிறகுதான், அந்த வாரங்கள் எதற்கென்று எனக்கு விளங்கியது. 0.02 மில்லிமீட்டர் வரை வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில் படிக்கத் தெரிந்துகொண்டவன், வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டிருந்தான்.

செய்முறையோடு வரைபடம், பட்டறைக் கணக்கு ஆகிய பாட வகுப்புகளும் உண்டு. பள்ளியில் முக்கோணவியலை மனப்பாடம் செய்து ஒப்பேற்றியவன், சைன் பார் என்ற கோண அளவுக் கருவியின் ஒரு முனையின் கீழ் அளவுக் கட்டைகளை அடுக்கிக் கோணம் அமைக்கக் கற்றபோது, அந்த உயரத்தைக் கண்டுபிடிக்கத்தான் சைன் மதிப்பு வேண்டும் என்று சொல்லி, தன் பழைய கணக்குப் புத்தகத்தைப் பரணிலிருந்து தானாகவே இறக்கினான். அந்தப் பாடத்தை அவனுக்குக் கற்பித்த ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். அவரிடம் சைன் பார் இல்லை.

2023ஆம் ஆண்டில் உதவித்தொகையில் அரசின் பங்கு நேரடியாகப் பயிற்சியாளரின் வங்கிக் கணக்குக்கே வரும் முறை நடைமுறைக்கு வந்தது. அப்போது அந்தப் பங்கு 25 விழுக்காடு, உச்ச அளவு 1,500 ரூபாய். ஆதார் இணைப்பு முன்பே சரியாக இருந்ததால் அதில் எங்களுக்குச் சிக்கல் வரவில்லை. 2024 இறுதியில் பயிற்சி முடிந்து, அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி, தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் பெற்றான்.

ஒன்று மட்டும் என்னை இன்னும் உறுத்துகிறது. ஜெர்மனியில் இளம் தொழிற்பழகுநர்கள் வாரத்தில் ஓரிரு நாட்கள் தொழிற்பள்ளிக்கும் மீதி நாட்கள் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். இங்கே என் மகன் தொழிலைத் தேர்ந்தெடுத்த அன்றே பள்ளிப் படிப்பு நின்றுபோனது. மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு எடுத்து, அதன்பின் தொழிற்பழகுநராகச் சேரும் வழி 1986ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திலிருந்தே இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால், அதையும் அவன் முன் வைத்திருப்பேன். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அவனுக்கே விட்டிருப்பேன்.

இப்போது அவன் வேறொரு நிறுவனத்தில் ஃபிட்டராக இருக்கிறான். தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வு எழுதுவதென்று முடிவு செய்து, ஷிப்ட் முடிந்து வந்ததும் படிக்கிறான். கணக்குப் பாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறான்.