மன்னிப்புக் கேட்டவர்களின் பட்டியல்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கணினியைத் திறந்ததும் பாஸ்வேர்டை மாற்று என்று ஒரு பெட்டி வந்து நின்றது. பழசுக்கு வயசாகிவிட்டதாம். சரி, புதிதாக ஒன்றை அடித்தேன். பெரிய எழுத்து வேண்டும் என்றது. போட்டேன். எண் வேண்டும். போட்டேன். சிறப்புக் குறி வேண்டும். ஆச்சரியக்குறி போட்டேன், அப்போதைய மனநிலைக்கு அதுதான் பொருத்தமாக இருந்தது. இந்தக் குறி செல்லாது என்று பதில். எந்தக் குறி செல்லும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நாமாகத் துழாவிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவழியாக எல்லாம் பொருந்தி வந்தபோது, 'பழைய பாஸ்வேர்டைப் போலவே இருக்கிறது' என்றது. பின்னே, எனக்கு நினைவில் நிற்க வேண்டாமா?

எரிச்சலில், யார் கிளப்பிவிட்ட வேலை இது என்று தேடினேன். ஆள் கிடைத்துவிட்டார். பெயர் பில் பர். அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்தபோது, 2003ல் எட்டே பக்கத்தில் ஒரு வழிகாட்டி எழுதினார். பெரிய எழுத்து, எண், குறி, அவ்வப்போது மாற்றுவது என்று உலகம் முழுக்கப் பரவியதெல்லாம் அதை வைத்துத்தான். ஓய்வு பெற்ற பிறகு, 2017ல், எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவார்கள், அதற்குமேல் யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவருக்கும் புரிந்துவிட்டது. காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று அந்த நிறுவனமும் அதே வருடம் புது வழிகாட்டி வெளியிட்டது. எங்கள் அலுவலகக் கணினிக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

இணைய இணைப்பு செத்துப்போனது. புகார் சொல்லப் போன் செய்தால், 'எங்கள் இணையதளத்தில் இன்னும் விரைவாகப் புகார் அளிக்கலாம்' என்கிறது பதிவுசெய்த குரல். அம்மா தாயே, இணையம் இல்லை என்பதுதானே புகாரே.

ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து. மனிதரோடு பேச எதை அழுத்த வேண்டும் என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்கள். அப்புறம் பாட்டு. அதுவாவது தொடர்ந்து ஓடினால் மனசு எங்காவது போய்விட்டு வரும். சட்டென்று நிற்கும். எடுத்துவிட்டார்கள் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது.' முக்கியமென்றால் எடுக்க வேண்டியதுதானே?

இரவு இணைப்பு தானாகவே உயிர் பெற்றது. உடனே பாட்டுக்குக் காரணமானவரைத் தேடினேன். ஆல்ஃபிரட் லெவி, ஒரு தொழிற்சாலை முதலாளி. அவருடைய தொழிற்சாலையில் ஏதோ ஒரு கம்பி தளர்ந்து கட்டிடத்தின் இரும்பு உத்தரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, பக்கத்து வானொலி நிலையத்தின் நிகழ்ச்சி, லைனில் காத்திருந்தவர்கள் காதில் விழுந்தது என்பார்கள். அதிலிருந்து யோசனை பிறந்து, 1962ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1966ல் வாங்கியும்விட்டார். ஒரு எலக்ட்ரீஷியன் அன்றைக்கே அந்தக் கம்பியை முடுக்கியிருக்கலாம். ஆனாலும் லெவியை முழு மனசோடு திட்ட முடியவில்லை. பாட்டே இல்லாத மௌனம் இதைவிட மோசம், லைன் இருக்கிறதா அறுந்ததா என்றுகூடத் தெரியாது.

மார்ச் 6, வெள்ளி

'எங்கள் பிரதிநிதியோடு பேசிய அனுபவம் எப்படி இருந்தது?' கீழே ஐந்து நட்சத்திரங்கள். அந்தப் பிரதிநிதி 'வணக்கம்' என்று முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். ஏன் என்று குறைந்தது இருநூறு எழுத்துகளில் விளக்கவும் என்று அடுத்த பெட்டி திறந்தது.

மார்ச் 8, ஞாயிறு

குடும்பக் குழுவில் சித்தப்பா குரல் பதிவு போட்டிருக்கிறார். ஏழு நிமிடம். எழுதியிருந்தால் ஒரு வரி. 'எல்லாரும் நல்லா இருக்கீங்களா' என்பதிலேயே அரை நிமிடம் போகிறது. நடுவில் 'இரு, யாரோ கதவைத் தட்டறாங்க' என்று எழுந்து போகிறார், பதிவு ஓடிக்கொண்டே இருக்கிறது. தூரத்தில் சித்தி யாரையோ விசாரிக்கும் சத்தம். திரும்பி வந்து, 'எங்க விட்டேன்?' எங்களிடம் கேட்கிறார். நாங்கள் எப்படிச் சொல்வது?

இரட்டை வேகத்தில் ஓடவிட்டேன். சித்தப்பாவின் கம்பீரமான குரல் கார்ட்டூன் அணில் பேசுவது மாதிரி ஆகிவிட்டது. கடைசிப் பத்து வினாடியில் விஷயம் வந்தது: யாரிடமாவது ஏணி இருக்கிறதா. இதற்கு அண்ணி ஒன்பது நிமிடத்தில் பதில் போட்டிருக்கிறார். இன்னும் கேட்கவில்லை.

மார்ச் 11, புதன்

சட்டையில் பேனா மை. எப்படிப் போக்குவது என்று தேடி ஒரு கட்டுரையைத் திறந்தேன். முதலில் குக்கீகளுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். 'எல்லாவற்றுக்கும் சம்மதம்' பெரிய பச்சைப் பொத்தானில் இருக்கிறது. மறுப்பதற்கு 'விருப்பங்களை நிர்வகி' என்று சாம்பல் நிறத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அடுத்து, மின்னஞ்சலில் செய்திமடல் வேண்டுமா? அறிவிப்புகள் அனுப்பலாமா? செயலியில் படித்தால் இன்னும் நன்றாக இருக்குமே? இத்தனைக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே போனால் ஓரத்தில் ஒரு விளம்பர வீடியோ தானாகக் கத்துகிறது. மூடுவதற்கான பெருக்கல் குறி கடுகளவு. மனித விரலுக்கு வைத்ததில்லை அது.

கட்டுரை 'கறை என்றால் என்ன?' என்று ஆரம்பித்தது. இதை நான் சட்டையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

இதிலும் ஒரு மன்னிப்பு இருக்கிறது. 1990களின் இறுதியில் ஈதன் ஜுக்கர்மேன் என்பவர் ஒரு இணையதளத்தில் வேலை பார்த்தார். கார் கம்பெனி ஒன்றின் விளம்பரம் ஆபாசமான பக்கத்தில் வந்துவிட, கம்பெனிக்காரர்கள் குதித்தார்கள். பக்கத்துக்கும் விளம்பரத்துக்கும் சம்பந்தமில்லை என்று காட்ட, விளம்பரம் தனி ஜன்னலில் திறக்கும்படி நிரல் எழுதினார். பாப்-அப் பிறந்தது இப்படித்தான். 2014ல் நீளமாகக் கட்டுரை எழுதி, மன்னிக்கவும், எங்கள் எண்ணம் நல்லதுதான் என்றார். இருக்கட்டும். பர், ஜுக்கர்மேன் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் ஆரம்பித்திருக்கிறேன்.

மை போகவில்லை. கட்டுரையைப் பாதியில் விட்டதற்கு 'போகாதீர்கள்!' என்று இன்னொரு ஜன்னல்.

மார்ச் 14, சனி

ஒரு மாதம் இலவசம் என்று சேர்ந்த சந்தாவை நிறுத்தப் போனேன். சேர்வதற்கு ஒரே பொத்தான் இருந்தது. நிறுத்துவதற்குக் கணக்கு, அமைப்புகள், திட்டங்கள், உதவி என்று அறை அறையாக நடக்க விடுகிறார்கள். 'ஏன் பிரிகிறீர்கள்?' என்ற கேள்விக்குக் கீழே உள்ள காரணங்களில், 'தேவையில்லை' என்பது மட்டும் கிடையாது. கடைசியில் இரண்டு பொத்தான்கள்: 'தொடர்கிறேன்', 'வேண்டாம், சலுகைகளை இழக்க விரும்புகிறேன்'. யாராவது வாய்விட்டு இப்படிப் பேசுவார்களா?

சேர்வது எவ்வளவு சுலபமோ விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் 2024 அக்டோபரில் ஒரு விதியே கொண்டுவந்தது. 2025 ஜூலையில், முழுதாக அமலுக்கு வர ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில், நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதி தப்பு என்பதற்காக இல்லை. அதைக் கொண்டுவரும் முன் செய்ய வேண்டிய பூர்வாங்க ஆய்வை ஆணையம் செய்யவில்லையாம். விலகுவதைச் சுலபமாக்கும் விதியையே நடைமுறைச் சிக்கலில் மாட்டிவிட்டார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

தூங்குமுன் ஐந்து நிமிடம் போனைப் பார்க்கலாம் என்று படுத்தேன். பக்கத்துக்கு அடி இருந்தால் அங்கே போய் நின்றுவிடலாம். இல்லை. முடிவில்லாமல் உருளும் பக்கத்தை 2006ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். அடுத்த பக்கம் போக ஒரு சொடுக்கு மிச்சமாகட்டும் என்று செய்தார், இப்போது அவரும் வருத்தப்படுகிறார். பட்டியலில் மூன்றாவது. இந்தத் தகவலே, இரவு இரண்டு மணிக்கு, உருட்டிக்கொண்டே போனதில் கிடைத்ததுதான்.

மார்ச் 18, புதன்

சந்தாவை நிறுத்தக் கடைசிப் படி பாக்கி: நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க வேண்டும். கேட்பது ரோபோ.

கேப்ச்சா என்கிற இந்தச் சோதனையை உருவாக்கியவர்களில் ஒருவரான லூயிஸ் வான் ஆனும் வருத்தப்பட்டவர்தான். ஜனங்கள் ஆளுக்குப் பத்து வினாடி வீதம் தினமும் ஐந்து லட்சம் மணி நேரத்தை இதில் வீணாக்குகிறார்களே என்று மனசு சங்கடப்பட்டதாம். நல்ல மனுஷர், எடுத்துவிட்டிருப்பார் என்று நினைத்துப் படித்தேன். எடுக்கவில்லை. அந்த நேரம் வீணாகாமல் இருக்க, 2007ல் ரீகேப்ச்சா கொண்டுவந்து, கணினியால் வாசிக்க முடியாத பழைய புத்தகங்களின் சொற்களை நம்மைவிட்டே தட்டச்சு செய்ய வைத்தார். சம்பளமில்லாமல் எத்தனை பக்கம் அடித்துக் கொடுத்தேனோ!

இன்றைக்குப் புத்தகம் இல்லை, படம். போக்குவரத்து விளக்குள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுக்கவும். விளக்கு சரி, அதைத் தாங்கும் கம்பம் சேர்த்தியா இல்லையா? பக்கத்துக் கட்டத்தில் மயிரிழை அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு? கம்பத்தைச் சேர்த்தேன். தவறு. கம்பத்தை விட்டேன். அதுவும் தவறு. இப்போது சைக்கிள் கேட்கிறது. ஒரு கட்டத்தில் சைக்கிளின் நிழல் மட்டும் விழுந்திருக்கிறது.