ஆர்எக்ஸ் 100 புகை: சிலிண்டர் போர் போகவில்லை, போனது ஆயில் சீல்

அப்பாவின் 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பல வருடம் உறை போட்டு ஷெட்டில் நின்ற வண்டி. பேட்டரி, டயர், பெட்ரோல் குழாய் மாற்றி, கார்ப்பரேட்டரைக் கழுவிப் பூட்டியதும் நன்றாகத்தான் ஓடியது. ஓட ஓட இரண்டு கோளாறுகள் தலைகாட்டின.

முதலாவது புகை. டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலோடு 2டி ஆயிலையும் எரித்துத்தான் ஓடும், கொஞ்சம் புகை இருக்கவே செய்யும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குபுகுபுவென்று வந்து தெருமுனை தாண்டுவதற்குள் அடங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். நிற்கும்போது ஆயில் பம்பிலிருந்து கசிந்து உள்ளே தேங்கிய ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். என் வண்டியில் நேர்மாறு. சூடேற ஏறப் புகை கூடியது, அதுவும் தீய்ந்த எண்ணெய் வாடையோடு. இரண்டாவது, ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் ரேஸாகவே நின்று, நிதானமாகத்தான் இறங்கியது. ஐடிலிங் ஸ்க்ரூவைக் குறைத்து வைத்தால் மறுநாள் காலையில் ஐடிலிங் நிற்காமல் வண்டி அணைந்து போகும்.

காட்டிய இடங்களில் எல்லாம் ஒரே பதில். “போர் போயிருச்சுங்க தம்பி. கிட்டு மாத்தி விட்டா முடிஞ்சுது.” போர் என்பது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை, அது தேய்ந்துவிட்டது என்கிறார்கள். கிட் என்பது புது பிளாக், பிஸ்டன் செட். கோயம்புத்தூரில் டூ ஸ்ட்ரோக் புகைக்கு எல்லோரும் முதலில் சொல்வது கிட்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை. பிக்கப் குறையவில்லை, கிக்கரை மிதித்தால் கம்ப்ரஷன் காலை எதிர்த்துத் தள்ளியது.

டூ ஸ்ட்ரோக்கில் ஒரு வசதி உண்டு. சைலன்சரைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் போர்ட் வழியாகப் பிஸ்டன் நேராகவே தெரியும். டார்ச் அடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெல்ல அமுக்கிப் பார்த்தேன். பிஸ்டனில் நெடுக்குக் கீறல் இல்லை. ரிங்கைக் குச்சியால் தொட்டு அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வந்தது. அடுத்து கியர் ஆயிலை வடித்து அளந்தேன். ஊற்றியதைவிட நன்றாகவே குறைந்திருந்தது, தரையிலோ ஒரு சொட்டுக் கறை இல்லை. வெளியே ஒழுகாத ஆயில் உள்ளே எரிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் இன்ஜினின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் நேராகப் பிஸ்டனுக்கு மேலே போவதில்லை. முதலில் கீழே கிராங்க் கேஸுக்குள், அதாவது பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு இருக்கும் கூட்டுக்குள், வருகின்றன. பிஸ்டன் இறங்கும்போது சைக்கிள் பம்ப் போல அவற்றை அழுத்தி மேலே அனுப்புகிறது. அதனால் கிராங்க் கேஸ் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். கிராங்கின் இரண்டு முனைகளிலும் அதைக் காப்பது ரப்பர் உதடு வைத்த ஆயில் சீல்கள். வயதாலும் சூட்டாலும் அந்த உதடு விறைத்துப் போகும். இடது பக்கம் மேக்னெட்டுக்கு (கிராங்கோடு சுழன்று மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பின்னால் இருக்கும் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை இளைத்துவிடும், அதாவது பெட்ரோலுக்குக் காற்று அதிகமாகும், இன்ஜின் ரேஸாகும். அப்படியே விரட்டி ஓட்டினால் பிஸ்டன் சூட்டில் பிடித்துக்கொள்ளும். வலது பக்கம் கிளட்ச் இருக்கும் இடத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாக்கும். என் வண்டியில் இரண்டு அறிகுறியும் இருந்தன. பிளக் நிறத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்பார்கள். ஆனால் ஆயில் கரி படிந்து பிளக் கருப்பாகத்தான் இருந்தது, கலவை இளைத்ததை அது காட்டவே இல்லை.

சந்தேகத்தை நம்பி இன்ஜினைப் பிரிக்க விருப்பம் இல்லை. கைகொடுத்தது வீட்டில் கிடந்த பி.பி. பார்க்கும் கருவி. அதன் முள் 300 மி.மீ. (பாதரச அழுத்தம்) வரை போகும், டயருக்குக் காற்று அளக்கும் கணக்கில் அது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. இந்தச் சோதனைக்கு அதுவே போதும். கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்தால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். எக்ஸாஸ்ட் வாயை டியூப் ரப்பரும் தகடும் வைத்து இறுக்கி அடைத்தேன். கார்ப்பரேட்டரைக் கழற்றிவிட்டு, அது பூட்டும் ரப்பர் வாயில் துளையிட்ட கார்க்கைச் செருகி, கிளிப் போட்டு, கருவியின் குழாயை நுழைத்தேன். அந்த வாயில் இருக்கும் ரீட் வால்வு என்ற தகட்டுக் கதவு உள்பக்கமாகத் திறப்பது என்பதால் காற்று தாராளமாகப் போகும். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து பல்பை அமுக்கினேன்.

நல்ல இன்ஜினில் முள் பல நிமிடம் பெரிதாக அசையாமல் நிற்க வேண்டும். எனக்கு 300-ஐத் தொடவே இல்லை, அமுக்குவதை நிறுத்தியதும் சரசரவென்று இறங்கியது. சோப்புத் தண்ணீரை ஹெட், பிளாக் அடி, ரப்பர் ஜாயின்ட் எல்லாவற்றிலும் தடவினேன். ஒன்றுமில்லை. மேக்னெட் பக்கம் தடவியதும் நுரை கட்டியது. கியர் ஆயில் மூடியைத் திறந்துவிட்டு அந்தத் துளையில் சோப்புப் படலம் பூசிப் பார்த்தால், அமுக்கும்போதெல்லாம் குமிழி எழும்பியது. ஆக, இரண்டு சீலும் காலி. கிட் மாற்றியிருந்தால் பணத்தைக் கொட்டிவிட்டுப் புகையையும் வைத்துக்கொண்டிருப்பேன்.

இடது சீலை மட்டும் என்றால் மேக்னெட்டையும் காயில் பிளேட்டையும் கழற்றியே மாற்றிவிடலாம். ஆனால் மேக்னெட்டைப் பிடித்து ஆட்டியபோது கிராங்கே லேசாக ஆடியது, பேரிங்கும் தேய்ந்திருக்கிறது. பேரிங் ஆடினால் புதுச் சீலின் உதடு சீக்கிரமே தேய்ந்துவிடும். அதனால் முழுசாகப் பிரிப்பது என்று முடிவு செய்தோம். நான் போன மெக்கானிக் அண்ணன் மேக்னெட்டைச் சுத்தியலால் தட்டாமல் புல்லர் போட்டு எடுத்தார். கேஸைப் பிரிக்கும்போது இடுக்கில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பவும் இல்லை. அந்த முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் மறுபடி கசியும். இந்த இரண்டையும் வைத்தே ஒரு பட்டறையை எடை போடலாம் என்பது என் எண்ணம்.

கிராங்கைக் கணபதி பகுதியில் ஒரு லேத்தில் கொடுத்து, கனெக்டிங் ராடு கிட் மாற்றி, டயல் வைத்து அவுட் (சுழலும்போது எவ்வளவு கோணுகிறது என்பது) பார்த்து வாங்கினோம். 0.03 மி.மீ.க்குள் நின்றால்தான் எடுத்துக்கொள்வது என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். சீல் வாங்கப் பேரிங் கடைக்குப் போகும்போது பழைய சீலையே கொண்டுபோனேன். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அதிலேயே பொறித்திருக்கும். சாதாரண நைட்ரைல் ரப்பரும் கிடைக்கும், விட்டானும் கிடைக்கும். விட்டான் விலை கூடுதல், ஆனால் சூட்டை அதிகம் தாங்கும். அதையே வாங்கினேன்.

அனபாண்ட் என்ற கசிவடைக்கும் பசையை மெல்லியதாகத் தடவிக் கேஸை மூடிப் பூட்டியதும், கார்ப்பரேட்டர் மாட்டுவதற்கு முன்பே அதே பி.பி. கருவி. முள் அப்படியே நின்றது. அண்ணனே ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, “இத நாமளும் ஒண்ணு வாங்கி வைக்கலாம் போலீங்க” என்றார்.

வண்டியை எடுத்ததும் பழையபடி புகை வந்தது. இதில் பலர் கலங்கிவிடுவார்கள். சைலன்சரின் உள் குழாயில் ஊறிக் கிடந்த ஆயில் எரிந்து தீர்கிற வரை அப்படித்தான் இருக்கும். உள் குழாயைக் கழற்றிக் கரியைச் சுட்டுச் சுரண்டி, சில நாள் ஓட்டிய பிறகு அடங்கியது. புது பாகங்கள் பழகும் ரன்னிங் காலம் முடிகிற வரை முறுக்காமல் ஓட்டிவிட்டு, அப்புறம் மருதமலை ரோட்டில் ஏற்றினேன். இறங்கி நின்றதும் ஐடிலிங் சட்டென்று கீழே வந்தது. கியர் ஆயில் ஊற்றிய அளவிலேயே இருக்கிறது. கிக்கர் ஷாஃப்ட் சீலில் மட்டும் இப்போது லேசாக ஈரம் தெரிகிறது. அது வெளிப்பக்கச் சீல்தான், அடுத்த ஆயில் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.